முதுகுக்குப் பின்னால் பறந்த பந்து

ஒரு காட்டில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த அணியை ஒருவர் கெடுத்து வைத்தார். அவருக்குக் கொம்பா, தும்பிக்கையா என்று நான் சொல்லப் போவதில்லை. அணிக்கு ஆள் எடுத்தவர் அவர்தான். இதைக் கேட்டால் அவருக்கே உறைக்கும்.

ஆட்டம் இதுதான், பிள்ளைகளே. கொடியைச் சுருட்டிக் கட்டிய பந்தை மந்தி தூர எறியும். மான் ஓடிப் போய் வாயில் கவ்வும். எதிரணிப் பன்றிகள் மந்தியைத் தள்ளிவிடப் பாய்ந்து வரும். அவற்றை மறித்து நிற்பது எருமைக் கடாவின் வேலை.

ஜெயித்தவர்களுக்குக் கோடை முழுக்கக் குளத்தின் நிழல் கரை. தோற்றவர்களின் குட்டிகள் வெயில் கரையில் நின்றுதான் தண்ணீர் குடிக்க வேண்டும். மந்திக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது.

ஆட்டத்தன்று காலையில் அந்த ஒருவர் எருமையைக் கூப்பிட்டார்.

“இத்தனை நாளில் ஒரு பந்தாவது பிடித்தாயா?”

“இல்லைங்க.”

“ஒன்றாவது எறிந்தாயா?”

“இல்லைங்க.”

“அப்புறம் உனக்கு எதற்கு இடம்? ஓரமாய்ப் போய் நில்.”

எருமையின் இடத்துக்கு இன்னொரு மானைக் கொண்டுவந்தார். மந்தி கெஞ்சிப் பார்த்தது, சண்டையும் போட்டது. கவ்வ இன்னொரு வாய் இருந்தால் வெற்றி நிச்சயம் என்று சொல்லி அவர் பேச்சை முடித்துவிட்டார். புது மானோ, ஓடத் தெரியாதவர்கள் சேற்றில் படுத்துக் கிடக்கலாமே என்று சிரித்தது. எருமை ஓரமாய் நகர்ந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து மட்டும் புளியமரத்துக்கு மேலே பறந்து போனது. அதன் பிறகு மந்தி கையை ஓங்குவதற்குள் பன்றி வந்து மோதியது. பந்து முள்ளில் விழுந்தது, புழுதியில் உருண்டது, எதிரணியின் வாயில் போய் மாட்டியது. மான்கள் தொலைவில் வாயைத் திறந்தபடி நின்றன. மந்தியின் கை கெட்டுப்போய்விட்டது என்று கூட்டம் ஏசியது. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆளை மாற்றக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம்.

தோற்றுப் போனார்கள்.

குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மந்தி எருமையிடம் போய்த் தலை குனிந்து நின்றது.

“புளியமரத்துக்கு மேலே ஒன்று எறிந்தாயே, தங்கச்சி” என்றது எருமை. “நான் எப்போதும் உனக்கு முதுகைக் காட்டித்தானே நிற்பேன். நீ எறிவதை இன்றைக்குத்தான் பார்த்தேன். ரொம்ப அழகாக இருந்தது.”

மந்திக்குக் கண் கலங்கிவிட்டது. “நீ பார்க்காமல் நின்றபோதெல்லாம் இதைவிட அழகாக எறிந்தேன், அண்ணே.”

மறுநாள் வெயில் கரையில் குட்டி தண்ணீர் குடித்தது. எருமை வந்து, தன் நிழல் அதன்மேல் விழும்படி நின்றுகொண்டது.

நீதி: எறிகிற கையைப் பார்க்கிறவர் அதற்கு முன்னால் நிற்கிற முதுகையும் பார்க்க வேண்டும். எருமையை ஓரம் கட்டியவரே, அடுத்த கோடை வருமுன் நீரே நேரில் போய், அதைக் கூட்டிவந்து பழைய இடத்தில் நிறுத்தும்.