ஆள்காட்டி கேட்ட இங்கிலீஷ் கேள்வி

பறவைகள் மனிதரிடம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. கொக்கு மீன்காரனிடம் நலம் விசாரிக்கும். காக்கை வீட்டுக்காரியிடம் சோறு கேட்டுச் சண்டை போடும். கடல் தாண்டி வந்த துரைமார் நாட்டை ஆளத் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் இது நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு சிக்கல். துரைக்குத் தமிழ் தெரியாது. ஊராருக்கும் பறவைகளுக்கும் இங்கிலீஷ் தெரியாது.

நெடுங்கரை ஏரிப் பக்கத்தை ஆண்ட துரைக்குக் காதும் வாயுமாக இருந்தவர் துபாஷ் வேதகிரி. இரண்டு பாஷையும் அறிந்தவர். ஊரார் சொன்னதை இங்கிலீஷில் துரைக்குச் சொல்வார். துரை சொன்னதைத் தமிழில் ஊராருக்குச் சொல்வார். நடுவில் அவர் எதைக் கூட்டினார், எதைக் குறைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஏரிக்கு மடைக்காரி பூவாயி. ஆள் குள்ளம், குரல் பெரிது. ஏரி மதகின் அடியில் ஒரு துளை. நீண்ட மரத்தண்டின் நுனியிலிருந்த கட்டை அந்தத் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். தண்டைத் தூக்கினால் தண்ணீர் பாயும், அழுத்தினால் நிற்கும். எந்த வயலுக்கு எந்த நாளில் தண்ணீர் என்று முறை உண்டு. அந்த முறையைப் பூவாயி யாருக்காகவும் மாற்றியதில்லை.

மதகுக்குப் பக்கத்தில், சரளைக் கற்களின் நடுவே, ஒரு குருவி நான்கு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. முட்டையும் கல்லும் ஒரே நிறம் என்பதால் மிதிக்கிற தூரத்தில் வந்தாலும் கண்ணில் படாது. நீண்ட மஞ்சள் கால்கள் இருந்ததால் அந்தச் சாதிக் குருவியை அப்போது மஞ்சள்காலி என்றுதான் அழைத்தார்கள்.

அங்கிருந்து இருபது எட்டில் ஒரு நாவல் மரம். அதன் நிழலில் ஒரு மேசையைப் போட்டு, தினமும் காலையில் துபாஷ் வேதகிரி ஆறு குமாஸ்தாக்களுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் பூவாயி ஓரமாக நின்று கேட்டாள். துபாஷ் கையை வீசி விரட்டினார்.

"உனக்கு எதுக்கு இது? போய் மடையைப் பார். இந்த பாஷை இந்த நிழலைத் தாண்டக்கூடாது."

பூவாயி போய்விட்டாள். குருவி போகவில்லை. முட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிற குருவி எங்கே போகும்? இருபத்தெட்டு நாள் அடைகாக்க வேண்டும். காதில் விழுந்ததெல்லாம் உள்ளே இறங்கியது.

முதலில் நவுன். "நவுன் என்றால் பெயர்ச்சொல். ஆள், இடம், பொருள், எதற்குப் பெயர் உண்டோ அது நவுன்," என்றார் துபாஷ். குருவி தன் காலடியைப் பார்த்தது. எக். ஸ்டோன். எதிரே வாட்டர், அதற்கப்பால் ஃபீல்ட். பூவாயி ஒரு நவுன், துபாஷும் ஒரு நவுன்தான் என்று தோன்றியதும் அதற்குச் சிரிப்பு வந்தது.

அடுத்து வெர்ப். வினைச்சொல். தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். இங்கிலீஷிலோ செய்தவனை ஒட்டியே நிற்கும், செய்யப்பட்டது அதற்குப் பின்னால் வரும். குருவிக்கு இது லேசில் பிடிபடவில்லை. பழகிப் பார்க்கலாம் என்று, அருகில் மேய்ந்த கொக்கிடம் தமிழிலேயே கேட்டது:

"நீ தின்றாயா மீனை?"

"வெயிலில் உட்கார்ந்து உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது," என்றது கொக்கு.

பிறகு புரோநவுன் வந்தது. ஹி, ஷி, இட். "பெயரைச் சொல்லாமலே ஆளைக் காட்டுகிற சொல்," என்றார் துபாஷ். எல்லாவற்றிலும் குருவிக்கு இதுதான் மிகவும் பிடித்தது. ஒரே ஓர் அசையில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறதே!

நான்காவது வாரம் கேள்வி கேட்கும் பாடம். 'அவன் அதைச் செய்தானா?' என்பதை இங்கிலீஷில் சொல்லும்படி துபாஷ் கேட்டார். செங்கழனி என்ற குமாஸ்தா எழுந்து, "டிட் ஹி டிட் இட்?" என்றான். துபாஷ் மேசையில் அடித்த அடியில் மைக்கூடு கவிழ்ந்தது.

"மடையா! 'டிட்' முன்னால் போய் நின்றுகொண்டு, நடந்து முடிந்த காலத்தைத் தானே சுமந்துகொள்கிறது. பிறகு வெர்ப் எதற்கு இன்னொரு தரம் சுமக்க வேண்டும்? அது வெறும் 'டூ'வாக நின்றால் போதும். டிட் ஹி டூ இட்!"

குருவியும் மனதுக்குள் செங்கழனியைப் போலத்தான் சொல்லியிருந்தது. அன்றெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. பக்கத்தில் காவல் நின்ற ஆண்குருவிக்குப் பொறுக்கவில்லை.

"நீ முட்டையை அடைகாக்கிறாயா, வெர்பை அடைகாக்கிறாயா?"

"இரண்டும் பொரியட்டுமே," என்றது பெண்குருவி.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. துபாஷுக்கு மதகின் கீழே ஒரு கரும்புத் தோட்டம் இருந்தது. சாயங்காலம் அவர் வந்து, தன் கரும்புக்கு உடனே தண்ணீர் விடும்படி பூவாயியிடம் சொன்னார்.

"இன்னும் நாலு நாள் போகணுங்க ஐயா. இப்ப முறை மாத்தினா கீழ்க்கோடி நாத்தாங்கால் காஞ்சு போகும்," என்றாள் பூவாயி.

"யாரிடம் பேசுகிறாய் தெரிகிறதா?"

"தெரியுதுங்க. யாரா இருந்தாலும் முறை முறைதானுங்க."

துபாஷ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பொழுது புலர்கிற நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகில் இறங்கித் தண்டைத் தூக்கினார். தண்ணீர் பீறிட்டது. கரும்புக்குப் போதும் என்று தோன்றியதும் தண்டை அழுத்தினார். வேகத்துக்கு எதிராக அழுத்திப் பழக்கமில்லாத கை. தண்டு பாதியில் முறிந்தது. கையில் வந்த துண்டோடு கரும்புக்குள் ஓடி மறைந்தார். எல்லாவற்றையும் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருந்த குருவி பார்த்தது.

குருவி போட்ட கூச்சலில்தான் பூவாயி ஓடி வந்தாள். கழுத்தளவு தண்ணீரில் குதித்தாள். வைக்கோலையும் களிமண்ணையும் சாக்கில் அடைத்து அடைத்துத் துளையில் திணித்தாள். உச்சிப்பொழுதுக்குத்தான் தண்ணீர் நின்றது. அதற்குள் பாதி ஏரி போய்விட்டது. எந்த நாற்றங்காலைக் காக்க முறை பார்த்தாளோ அந்த நாற்றங்காலை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது.

"துபாஷ்தான் திறந்தார். என் கண்ணால் பார்த்தேன்," என்றது குருவி.

பூவாயி சேறு வழியும் கையோடு உட்கார்ந்தாள். "நீ பார்த்த, நான் நம்புறேன். ஊரும் நம்பும். துரை நம்பணுமே தாயீ. துரைகிட்ட எது போனாலும் அந்த வாய் வழியாத்தானே போகுது."

அவள் பயந்தபடியே ஆயிற்று. மடையைத் திறந்துவிட்டது மடைக்காரிதான் என்று துபாஷ் துரையிடம் சொல்லிவிட்டார். மறுநாள் அதே நாவல் மரத்தடியில் விசாரணை. ஊரே கூடியது. துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் துபாஷ். குற்றம் உறுதியானால் கையில் விலங்கு போட்டுக் கடற்கரைக் கோட்டைச் சிறைக்கு அனுப்புவார்கள். போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

துரை கேட்டார். துபாஷ் அதைத் தமிழில் சொன்னார். பூவாயி நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள்.

"நான் திறக்கலைங்க. தண்டு உடைஞ்ச பிறகுதான் வந்தேன். அடைச்சதுதான் நானுங்க."

துபாஷ் துரை பக்கம் திரும்பினார். "ஷி செஸ், ஐ டிட் இட்."

குருவி தலையைத் தூக்கியது. திறக்கவில்லை என்றல்லவா சொன்னாள்! அந்த 'இல்லை' எங்கே? அதற்கு இங்கிலீஷில் 'நாட்' என்று ஒரு சொல் உண்டு, இந்த மனிதரே இந்த மரத்தடியில் அதைச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அதை விழுங்கிவிட்டார்.

துரை தலையை அசைத்தபடி காகிதத்தில் எழுதினார். அந்தத் தலையசைப்பைப் பார்த்த பூவாயி, தான் சொன்னதைத் துரை நம்பிவிட்டார் என்று நினைத்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். சேவகன் விலங்கை எடுத்து வந்து அந்தக் கைகளில் பூட்டினான்.

குருவி முட்டைகளைப் பார்த்தது. பொரிக்க இன்னும் இரண்டு மூன்று நாள்தான். முட்டைகளைக் குளிர்விக்க வயிற்றை நனைத்துவர ஆண்குருவி தண்ணீருக்குப் போயிருந்தது. ஏரி வற்றியதால் தண்ணீர் வெகுதூரம். வெயில் கொதித்தது. நாவல் மரத்தில் ஒரு காக்கை தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தால் முட்டை போகலாம். எழாவிட்டால் பூவாயி போவாள்.

'அவன் செய்தான்' என்று நான் சொன்னால் துரை என்னை விரட்டிவிடுவார் என்று நினைத்தது குருவி. கேள்வியாகக் கேட்டால்? கேள்விக்கு யாராவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

எழுந்தது. பறந்துபோய் மேசைமேல், துரை எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின்மேலேயே இறங்கியது. வாயைத் திறந்தது.

"டிட் ஹி டிட்..."

தப்பு. குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். அவர்கள் வரிசையில் நின்ற செங்கழனி மட்டும் சிரிக்கவில்லை. குருவி மூச்சை இழுத்துக்கொண்டது. துபாஷை நேராகப் பார்த்து, ஏரி முழுக்கக் கேட்கும்படி கூவியது.

"டிட் ஹி டூ இட்?"

துரையின் பேனா நின்றது. "ஹி?" என்றார். அவர் காகிதத்தில் எழுதியிருந்தது முழுவதும் 'ஷி'. இதில் 'ஹி' எங்கிருந்து வந்தது?

"ச்சீ, போ!" என்று துபாஷ் தமிழில் கத்தினார். அந்த நாட்டில் எந்தப் பறவையும் இங்கிலீஷில் பேசித் துரை கேட்டதில்லை. அவர் கையை உயர்த்தித் துபாஷை அடக்கிவிட்டு, யார் அந்த 'ஹி' என்று குருவியிடமே கேட்டார்.

குருவி மேசையில் நடந்தது. ஒவ்வோர் எட்டாக வைத்து துபாஷின் எதிரே போய் நின்று, அவர் மார்புக்கு நேராக அலகை நீட்டியது.

"நாட் ஷி," என்றது. பிறகு தெரிந்த சொற்களையெல்லாம் திரட்டியது. "கோ. சீ. ஹிஸ் ஃபீல்ட்."

துரை எழுந்தார். ஊரே பின்னால் போனது. கரும்புத் தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. முறை வராத வயலில் தண்ணீர்! வாய்க்காலிலிருந்து புதிதாக வெட்டிவிட்ட வழியில் மண்வெட்டித் தடம்கூட அழியவில்லை. காய்ந்து உதிர்ந்த கரும்புச் சோகைக்குள் செங்கழனி எதையோ கண்டு குனிந்து எடுத்தான். முறிந்த தண்டு. மதகில் மிஞ்சியிருந்த பாதியோடு சேர்த்து வைத்தபோது சிலாம்பு சிலாம்பாகப் பொருந்தியது.

துரை துபாஷைப் பார்த்தார். "டிட் யூ டூ இட்?"

இரண்டு பாஷை தெரிந்த மனிதரிடம் அப்போது ஒரு பாஷைகூட இல்லை.

துரை செங்கழனியை அழைத்து, அந்தப் பெண் உண்மையில் சொன்னது என்ன என்று கேட்டார். செங்கழனி ஒருகணம் கண்ணை மூடிக்கொண்டான். சொற்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் நிறுத்தினான். "ஷி டிட் நாட் டூ இட், சார்."

பூவாயியின் கையில் பூட்டிய விலங்கு கழன்றது. கூட்டத்தில் எழுந்த குலவைச் சத்தத்தில், கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துபோயின. பூவாயி குருவியைத் தேடினாள். அது அங்கே இல்லை. முட்டைக்குத் திரும்பியிருந்தது. அதற்கு முன்பே ஆண்குருவி வந்து, காக்கையைக் கொத்தி விரட்டி, ஈர வயிற்றோடு முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"சரியாகச் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டது.

"இரண்டாம் தடவை," என்றது பெண்குருவி.

மூன்றாம் நாள் நான்கு முட்டைகளும் பொரிந்தன. வேதகிரியை விசாரணையன்றே வேலையிலிருந்து விலக்கியிருந்தார்கள். அவருடைய கரும்பு வெட்டில் நாற்று இழந்தவர்களுக்குப் பங்கு போனது. மதகுக்குப் புதுத் தண்டு வந்தது, மடை பூவாயியிடமே இருந்தது. நாவல் மரத்தடிப் பாடத்தைச் செங்கழனி ஏற்றுக்கொண்டு, வருகிறவர் யாராக இருந்தாலும் உட்காரலாம் என்று சொல்லிவிட்டான். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் பூவாயி.

"நவுன், வெர்பெல்லாம் அப்புறம் ஆகட்டும் தம்பி," என்றாள். "முதல்ல அந்த 'நாட்'டைச் சொல்லிக் குடு."

பின்னால் ஒரு காலம் வந்தது. பறவைகள் ஒவ்வொன்றாக மனிதப் பேச்சை மறந்தன. காக்கைக்கு அதன் பெயர் மட்டும் வாயில் நின்றது. கொக்குக்கு அதுகூட இல்லை. மஞ்சள்காலியின் பிள்ளைகளும் தமிழை மறந்தன, கற்ற இங்கிலீஷையும் மறந்தன. தாய் தொண்டை கிழியக் கூவிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவை விடவில்லை.

நெடுங்கரை ஏரியில் அலகை நீட்டி ஆளைக் காட்டிக்கொடுத்த அந்த நாள்தொட்டுத்தான் அந்தக் குருவிக்கு ஆள்காட்டி என்று பெயர், இன்றைக்கும் நீர்க்கரைப் பக்கம் ஆள் நடமாட்டம் கண்டால் அது விருட்டென்று எழும்பி, ஒரு பிழையும் இல்லாமல், "டிட் ஹி டூ இட்? டிட் ஹி டூ இட்?" என்று கேட்டுக்கொண்டே பறக்கிறது.