ஏரிக்கரையின் நடுத்தண்டவாளம்

ஓர் ஊரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள் என்று ஆரம்பித்தால் உங்கள் மனம் உடனே ஆலமரம், தாடி, கமண்டலம் என்று கிளம்பிவிடும். கிளம்ப வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்து நான்கு, பெயர் ஹெப்சிபா. சீடர் ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தொன்று. இடம், ஒரு பெரிய நகரத்து மெட்ரோ பணிமனைக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் இருக்கும் தண்டவாள வரைபடப் பிரிவு.

குரு என்கிற பட்டம் கேன்டீனில் கிண்டலாகக் கொடுத்தது. யார் என்ன கேட்டாலும் ஹெப்சிபா நேராகப் பதில் சொல்ல மாட்டார். பென்சிலை எடுத்து நீட்டுவார்.

ரயில் நிலையத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படம் நமக்கெல்லாம் தெரியும். நீலக் கோடு, பச்சைக் கோடு, வட்டவட்டமாக நிலையங்கள். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி, முக்கியமானவர்கள் பெயர் மட்டும்தான் இருக்கும். இந்தப் பிரிவில் வரைவது வேறு படம். அதில் ஒவ்வொரு தண்டவாளமும் வந்தாக வேண்டும். எது எங்கே பிரிகிறது, எது எங்கே போய்ச் சேர்கிறது, ரயில் எங்கே திரும்பும், எங்கே ஒதுங்கும், எல்லாம். ஒரு கோடு தப்பாகப் போனாலும் பழுதுபார்க்கப் போகிறவன் எந்தப் பக்கம் ரயில் வரும் என்று தெரியாமல் நிற்பான். விளையாட்டுக் காரியம் இல்லை.

அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கால் வைத்து நடந்து பார்த்த தண்டவாளத்துக்குத் தடித்த கோடு. மற்றதெல்லாம் புள்ளிக் கோடு. பெரிய அதிகாரி சொன்னாலும் புள்ளிக் கோடுதான். கட்டிய என்ஜினியரே வந்து சூடம் அடித்துச் சத்தியம் செய்தாலும் புள்ளிக் கோடுதான்.

ஏகாம்பரம் ரயில் ஓட்டியவர். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஓட்டியவர். அவர் ரயிலை நிறுத்தினால் நின்றுகொண்டிருக்கும் பயணிகூடத் தள்ளாட மாட்டார். சர்க்கரைதான் அவரைக் கவிழ்த்துவிட்டது. ஒரு நாள் வண்டியில் ஏறுவதற்கு முன்னால், நல்லவேளை, பணிமனையிலேயே மயங்கி விழுந்தார். காலில் இருந்த புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார். எழுந்து வந்தபோது, இனிமேல் ரயில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நிர்வாகம் இந்தப் பிரிவில் ஒரு மேஜை கொடுத்தது. மனுஷனுக்கு அது மேஜையாகத் தெரியவில்லை. வேண்டாததைப் போட்டு வைக்கும் பரண் மாதிரி இருந்தது.

வந்த வாரமே ஹெப்சிபா முன்னால் போய் நின்றார்.

"மேடம், என்னை விட்டுடுங்க. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துடறேன். திங்கக்கிழமைலேர்ந்து வரமாட்டேன்."

"வீட்ல என்ன சார் பண்ணுவீங்க?"

"உட்காருவேன்."

"இங்கயும் உட்காரத்தானே நாற்காலி போட்டிருக்கு?"

"வீட்ல உட்கார்ந்தா யாரும் பாவம்னு பார்க்க மாட்டாங்க. இங்க ஒவ்வொருத்தனும் வந்து தோளைத் தட்டிட்டுப் போறான். நேத்து எங்கிட்ட கத்துக்கிட்டவன்லாம் தட்டறான். ஓட்டறவனை ஓட்டாதேன்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்கிட்ட என்ன மேடம் மிச்சம் இருக்கு?"

குரு என்ன செய்தார் என்று உங்களுக்கே தெரியும். பென்சிலை நீட்டினார்.

"நீங்க ஓட்டின பாதையை ஒரு தடவை வரைஞ்சு கொடுங்க. படம் முடிஞ்சதும் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

"அவ்வளவுதானா?" ஏகாம்பரத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவேன்."

வரைந்தார். கோட்டைவாசலில் தொடங்கிப் பாலத்தடி வரைக்கும், எந்த வளைவில் சக்கரம் கிறீச்சிடும், எந்த ஏற்றத்தில் வண்டி முனகும் என்பதுவரைக்கும் போட்டுக்கொண்டு வந்து நீட்டினார். ஹெப்சிபா பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. பிறகு ஏரிக்கரை நிலையத்துக்கு அந்தப் பக்கம், போகும் தண்டவாளத்துக்கும் வரும் தண்டவாளத்துக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இங்க?"

"அட, அதுவா! அங்க நடுவுல ஒரு தண்டவாளம் இருக்கு. கோளாறான வண்டியைத் தள்ளி வைக்கிற இடம். மத்த வண்டிங்க ரெண்டு பக்கமும் போயிட்டே இருக்கும், இது பாட்டுக்குக் கிடக்கும். அதையெல்லாம் எதுக்கு வரைஞ்சுக்கிட்டு?"

"நீங்க அதுல போயிருக்கீங்களா?"

"என் வண்டி ஒரு நாளும் கோளாறானதில்லை மேடம்."

"சரி. வரைங்க."

சின்னதாக ஒரு கோடு போட்டார். அதன் முடிவில் குறுக்கே ஒரு தடுப்புக்கட்டையையும் போட்டார். அதைக் கொஞ்சம் கோபமாகவே போட்டார் போல, பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

"முட்டுப்பாதையா?" என்று கேட்டார் ஹெப்சிபா.

"முட்டுப்பாதைதான். போன வழியாத்தான் திரும்பி வரணும்."

ஹெப்சிபா ரப்பரை எடுத்தார். அந்தக் கோட்டை அழித்துவிட்டு, அதே இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்தார். அதோடு விட்டாரா? மீதிப் படத்தையும் கோட்டைவாசலில் தொடங்கி அழித்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தார்.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. "நான் ஓட்டின பாதைக்குப் புள்ளிக் கோடா?"

"ஓட்டியிருக்கீங்க. நடக்கலையே."

"மேடம், தினமும் அந்தக் கட்டையைப் பார்த்துக்கிட்டேதான் போயிருக்கேன். சிவப்பு வெள்ளைப் பட்டை அடிச்சிருக்கும். வெயிலானா அதுமேல ஒரு காக்கா வந்து உட்காரும்."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்ல, இருக்கு!"

"அப்போ ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். ஞாயித்துக்கிழமை முதல் வண்டி லேட்டாத்தான் கிளம்பும்."

சனிக்கிழமை முழுக்க ஏகாம்பரம் நல்ல கோபத்தில் இருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த கோபம், சாப்பாடுகூட ருசித்தது. "அந்தப் பொண்ணுக்கு அந்தக் கட்டையைக் காட்டிட்டு, அதோட வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடறேன்" என்று மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி, இரண்டு இட்லிக்குப் பதில் மூன்றாகச் சாப்பிடுகிறாரே என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரிக்கரை நடைமேடையில் இரண்டு பேரும் ஆரஞ்சுச் சட்டையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு நின்றார்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து வாக்கி டாக்கியில் தகவல் வந்தது.

"சாப்பிட்டீங்களா சார்?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு மேடம். கட்டையைப் பார்க்கப் போலாமா?"

இறங்கினார்கள். ஏகாம்பரம் முன்னால் நடந்தார், குரு பின்னால் நடந்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடுகிற தூரம் நடந்தால் முடியவே மாட்டேன் என்றது. ஒரு வளைவில் தண்டவாளத்தின் ஒரு பக்கம் உயர்ந்து இருப்பதை முதல் தடவையாகக் காலால் உணர்ந்தார். அதனால்தான் அங்கே வண்டி சாய்ந்து கொடுத்திருக்கிறது. இத்தனை வருஷம் அது தன்னுடைய கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். வெளியே சொல்லவில்லை.

தண்டவாளம் பிரியும் இடம் வந்தது.

"இதோ பாருங்க, பிரியுது. நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"தடிச்ச கோடு போடுங்க."

ஹெப்சிபா அட்டையில் செருகியிருந்த படத்தில் போட்டார். ஏகாம்பரம் மீசையைத் தடவிக்கொண்டார்.

நடுத்தண்டவாளத்துக்குள் நுழைந்ததும் அவருடைய நடை கொஞ்சம் தளர்ந்தது. தண்டவாளத்தின் மேலே துருப் படிந்திருந்தது. இந்த இடத்தில் நின்ற வண்டிகளை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறார். விளக்கெல்லாம் அணைந்து, கதவு திறந்து, உள்ளே ஆள் இல்லாமல் நிற்கும். அப்போது ஓர் 'ஐயோ' கூட மனசில் வந்ததில்லை. இப்போது குனிந்து அந்தத் துருவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்ததைக் கொண்டாந்து இங்க நிறுத்தினா, அதுக்கு எப்படி மேடம் இருக்கும்?"

"வண்டிக்கா?"

ஏகாம்பரம் தொடர்ந்து நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் நின்றார். திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். மறுபடியும் முன்னால் பார்த்தார். பக்கத்துத் தெருவிலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து இடத்தைச் சரிபார்த்துக்கொண்டார். இடம் இதுதான், கட்டை மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் புதுக் கான்கிரீட் வெள்ளையாக இருந்தது. தண்டவாளம் அங்கே முடியாமல் மேற்கொண்டு போய், இரண்டாகப் பிரிந்து, ஒன்று போகும் பாதையிலும் இன்னொன்று வரும் பாதையிலும் சேர்ந்திருந்தது.

"இங்கதானே... இங்கதான் மேடம்..."

 ஏகாம்பரத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"உங்களுக்கு இது தெரியும், இல்ல?"

"தெரியும் சார்."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! என்னை இவ்வளவு தூரம் நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கறீங்களா?"

"சொல்லியிருந்தா, புள்ளிக் கோட்டை வெச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க."

கோபத்தில் விறுவிறுவென்று அந்தப் புதுத் தண்டவாளத்தில் நடந்தார் ஏகாம்பரம். திரும்பிப் பார்க்கவே இல்லை. அப்படியே போய்விடுவார் போலத்தான் இருந்தது. ஆனால் பாதிக்குமேல் போனதும் கால் தானாக நின்றது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து முன்னால் பார்த்தார். இரண்டு அடி நகர்ந்து நின்று மறுபடியும் பார்த்தார்.

"மேடம், இங்க கொஞ்சம் வாங்க. இதுல யாராவது வண்டி ஓட்டிப் பார்த்தாங்களா?"

"காலி வண்டி ஒண்ணு. மெதுவா."

"அந்த சிக்னல் தெரியுதா உங்களுக்கு?"

"நல்லாத் தெரியுதே."

"நீங்க நடுவுல நிக்கறீங்க. ஓட்டறவன் இடது ஓரமா உட்கார்ந்திருப்பான். இப்படி வாங்க. இன்னும் கொஞ்சம். இப்போ?"

ஹெப்சிபா பார்த்தார். சிக்னல் ஒரு கம்பத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"வளைவு முடியற வரைக்கும் அவனுக்குத் தெரியாது" என்றார் ஏகாம்பரம். "திடீர்னு தெரியும். புதுப் பையனா இருந்தா பதறி பிரேக்கைப் போட்டுடுவான், உள்ள நிக்கிறவங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. இங்கேர்ந்தே வேகத்தைக் குறைக்கணும். இதைப் படத்துல போடணும் மேடம். போட்டே ஆகணும்."

"எனக்கு ஓட்டத் தெரியாது சார். நீங்களே போடுங்க."

பென்சில் மறுபடியும் நீண்டது. இந்தத் தடவை ஏகாம்பரம் அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். அட்டையை முழங்காலில் வைத்துக் குறித்தார். யாரும் சொல்லாமலேயே அடுத்த கிளையிலும் போய் நடந்து பார்த்தார். அங்கேயும் கழுத்தைச் சாய்த்தார், நகர்ந்தார், தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தார், குறித்தார். கட்டுப்பாட்டு அறை இரண்டு தடவை கூப்பிட்டு, நேரமாகிறது, வெளியே வாருங்கள் என்றது. இரண்டாவது தடவை அவர்தான், "இருப்பா, வரோம்" என்று அதட்டினார்.

நடைமேடைக்குத் திரும்பும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

"கோட்டைவாசல் பக்கமும் இந்த மாதிரி இருக்கும் மேடம். அடுத்த ஞாயிறு அதைப் பார்த்துடணும். இதை நான் திங்கக்கிழமை காலையில உட்கார்ந்து நல்லபடியா வரைஞ்சிடறேன்."

திங்கட்கிழமை வரமாட்டேன் என்ற வாய்தான் அது. ஹெப்சிபா அதைக் கண்டுகொள்ளவில்லை.

நடைமேடைப் படியில் கால் வைத்தவர் நின்றார். கோபமெல்லாம் போய், குரலில் ஒரு கெஞ்சல் மட்டும் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். நான் பொய் சொல்லல. அங்க கட்டை இருந்துச்சு. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்திருக்கேன்."

"இருந்துச்சு சார். நீங்க பார்த்தது நிஜம்தான்."

"அப்புறம் எப்போ எடுத்தாங்க?"

ஹெப்சிபா தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"நீங்க ஆஸ்பத்திரியில படுத்துக் கிடந்தீங்களே சார், அப்போ."