தில்லைநாயகத்தின் ஏற்பாடுகள்

தில்லைநாயகம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. ஆற்றங்கரை மடத்து சௌந்தரவல்லி அம்மாவிடம் மந்திரம் வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதில் அவருக்கு வருத்தமில்லை. அவருடைய வருத்தமெல்லாம் துரைப்பாண்டிதான்.

ஜபத்துக்குத் தயாராவதில் தில்லைநாயகத்தைக் குறை சொல்ல ஆள் கிடையாது. விடியுமுன் ஆற்றில் முழுக்கு. மண்டபத்தில் தமக்கென்று ஓர் இடம். அதைத் தாமே பெருக்கி, நீர் தெளித்து, தர்ப்பைப் பாய் விரிப்பார். கிழக்கு எதுவென்று திசைகாட்டியை வைத்துச் சரிபார்ப்பார். சர்வேயர் புத்தி எங்கே போகும்? பிறகு விளக்கு, ஊதுபத்தி, செம்பில் தண்ணீர். எல்லாம் முடிந்து கண்ணை மூடினால், மந்திரம் மட்டும் வராது.

துரைப்பாண்டி மினி பஸ் கண்டக்டர். அவனும் அம்மாவிடம் மந்திரம் வாங்கியவன்தான். முதல் நடை முடிந்ததும் காக்கிச் சட்டையோடு வருவான். கால் கையை அலம்பிக்கொண்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து உட்காருவான். சில நாள் தெற்கே பார்த்துக்கூட உட்காருவான். இரண்டே நிமிஷத்தில் முகம் தெளிந்துவிடும். பக்கத்தில் காக்கை வந்து கத்தினாலும் அசையமாட்டான்.

போன மாதம் அம்மா அவனைப் பார்த்து, "நல்லா உக்காருறான்" என்றார். இரண்டே வார்த்தை. அன்றைக்குத் தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. தம்மைப் பற்றி அம்மா இத்தனை வருடத்தில் அரை வார்த்தை சொன்னதில்லை. மறுநாள் யாரும் பார்க்காதபோது அவரும் போய்த் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து பார்த்தார். எறும்பு கடித்ததுதான் மிச்சம்.

அப்போது அவர் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், விடாமல் ஜபம் செய்வதாக விரதம் எடுத்திருந்தார். முன்பு இரண்டு தடவை நடுவில் நின்றுபோயிற்று. இந்தத் தடவையும் நின்றால் மந்திரத்தை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். நாற்பத்தோராம் நாள் காலையில் பாதி ஜபத்தில் எழுந்து அம்மாவைத் தேடிப் போனார்.

அம்மா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க?"

"உக்கார முடியலம்மா. எனக்கு ஜபம் வராது. மந்திரத்தை நீங்களே வாங்கிக்கோங்க."

"வராதா? இன்னைக்கு என்னென்ன செய்தீங்க, சொல்லுங்க. கண்ணு முழிச்சதுலருந்து."

தில்லைநாயகம் எதிரே உட்கார்ந்தார். வரிசையாகச் சொல்வது அவருக்குக் கைவந்த வேலை.

"நாலு மணிக்கு முழிப்பு வந்துச்சு. துரைப்பாண்டி இந்நேரம் எங்க முழிச்சிருக்கப் போறான்னு நெனச்சேன். ஆத்துல முங்கினேன். தண்ணி ஐஸா இருந்துச்சு. துரைப்பாண்டிக்கு இந்தக் குளிரு எங்க தெரியும்? அவன் காலை மட்டுந்தானே நனைக்கிறான்."

அம்மா ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தரையில் தனியாக வைத்தார். பக்கத்தில் இன்னொன்று வைத்தார்.

"எடத்தைப் பெருக்கினேன். துரைப்பாண்டி ஒரு நாளாவது வெளக்குமாத்தைத் தொட்டிருக்கானா? அப்புறம் பாய் விரிச்சேன்."

அதோடு நிறுத்திவிட்டார்.

"ம். பாய் விரிச்சீங்க."

"பாய்க்கு அடியில துரைப்பாண்டியோட சாக்கைப் போட்டேன்மா. நேத்து சாயங்காலமே எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். ஒருத்தர் ஆசனத்துல இன்னொருத்தர் உக்காரக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். அந்தச் சாக்குலதான் ஏதோ இருக்குன்னு தோணிச்சு."

அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் இரண்டு கொட்டைகளை வைத்துவிட்டு, "மேல சொல்லுங்க" என்றார்.

திசைகாட்டி வைத்ததையும் விளக்கேற்றியதையும் ஊதுபத்தி கொளுத்தியதையும் செம்பு நிறைத்ததையும் தில்லைநாயகம் சொன்னார். ஒவ்வொன்றிலும் துரைப்பாண்டி ஒரு தடவை வந்து போனான்.

"உக்காந்தேன். ஆனா காது வாசல்லயே இருந்துச்சு. கடைசில துரைப்பாண்டி வந்தான். சாக்கைத் தேடினான். கத்துவான், இன்னைக்கு அவன் ஜபம் கெட்டுப்போகும்னு பாத்துட்டே இருந்தேன். அவன் தோள்ல கெடந்த துண்டை விரிச்சு உக்காந்துட்டான். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, மூஞ்சி தெளிஞ்சிருச்சு."

அவர் மண்டபத்துப் பக்கம் கையை நீட்டினார்.

"பொறுக்க முடியலம்மா. குளிக்காம, தெச பாக்காம, ஒரு துண்டுல உக்காந்து அவனுக்கு எப்படிம்மா வருது?"

அம்மா தரையில் இருந்த கொட்டைகளை அவர் பக்கம் தள்ளினார்.

"எண்ணுங்க."

எண்ணினார். "ஒம்பது."

"நீங்க துரைப்பாண்டி பேரைச் சொன்ன தடவை அது. மொதத் தடவை அந்தப் பேரு வந்தப்ப குளிச்சிருந்தீங்களா?"

"இல்லம்மா. படுக்கையில கெடந்தேன்."

"எந்தத் தெச பாத்து?"

"கவனிக்கல."

"வெளக்கு?"

"ஏத்தல."

"நீங்களா வரவழைச்சீங்களா, அதுவா வந்துச்சா?"

தில்லைநாயகம் கொட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவாத்தான் வந்துச்சு."

அம்மா அடுத்த புளியைக் கையில் எடுத்தார்.

"அவனுக்கு மந்திரம் எப்படி வருதுன்னு கேட்டீங்க. உங்களுக்கு அவன் வர்ற மாதிரித்தான்."