பொறாமையைப் படையலிட்ட ஆவுடைச்செல்வியார்

சிற்றாற்றின் வடகரையில் உள்ள புளியறைக்குளம் என்னும் ஊரில், தொடக்கப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தவர் ஆவுடைச்செல்வியார். பிள்ளைகளின் மூக்கைத் துடைப்பதும், பென்சில் சீவிக் கொடுப்பதும், ஏழாம் வாய்ப்பாடு எட்டாம் வாய்ப்பாட்டோடு போய்க் கலந்துவிடாமல் காவல் காப்பதும் அவர் செய்துவந்த திருத்தொண்டு. இவற்றுக்கு நடுவே அஞ்சல் வழியில் கணிதத்தில் முதுகலையும் படித்துவந்தார். ஒரு கல்லூரியில் நின்று, பலகை நிறையக் கணக்குப் போட வேண்டும் என்பது அவர் கனவு. புத்தகத்தைத் திறக்க அவருக்கு வாய்த்த இடம் காலைப் பேருந்துதான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் புத்தகம். அவர் போடும் கணக்குக்கு விடை வரும்வரை அந்தப் பேருந்து எந்த நிறுத்தத்திலிருந்தும் கிளம்பாது என்பார்கள். இதற்கு நடத்துனர் சாட்சி.

பள்ளி வாசலில் கூரையில்லாத ஒரு பிள்ளையார் உண்டு. கூரை போட்டால் மறுநாளே அது குளத்தில் மிதக்கும். ஆகையால் அவருக்கு வெயிலுகந்த பிள்ளையார் என்று பெயர். ஊரார் அவரவர் தோட்டத்தில் விளைந்ததை அவருக்குப் படைப்பார்கள். வாழை போட்டவர் தார் கொண்டுவருவார், கத்தரி போட்டவர் கத்தரிக்காய் கொண்டுவருவார். செல்வியாருக்குத் தோட்டம் இல்லை. அவரிடம் தண்ணீர் ஊற்றாமலே விளைந்தது ஒன்றுதான், பொறாமை. அதையே அவர் நாள்தோறும் காலையில், பேருந்தை விட்டு இறங்கியதும், செருப்பைக் கழற்றிவிட்டுப் படைத்தார்.

"பிள்ளையாரே, இன்னிக்கு பகவதி டீச்சர் மேல. என்னைய மாதிரிதான் படிச்சா. எம்.எஸ்ஸி. முடிச்சிட்டா, வேலையும் நிரந்தரமாயிட்டு, இப்பம் ஸ்கூட்டர்ல வாரா. எனக்கு வயிறு காந்துது. இந்தாரும், வச்சுக்கிடும்."

இவ்வளவுதான் பூசை. பிறகு சிரித்த முகத்தோடு உள்ளே போய்விடுவார். படைத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது அவ்வூர் வழக்கம். ஆகவே மறுநாளைக்குப் புதுப் பொறாமை வேண்டும். அதற்கா பஞ்சம்? நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கும் பெண்கள் மேல் ஒரு நாள் வந்தது. பாடம் நடக்கும்போதே வாயைத் திறந்து தூங்கும் கடைசிப் பெஞ்சுப் பையன் மேல் ஒரு நாள் வந்தது. பேருந்தில் உட்கார இடம் கிடைத்த கோழிக்கூடை மேலும் ஒரு நாள் வந்தது. எதையும் அவர் ஒளிக்கவில்லை.

இப்படியே இரண்டு ஆண்டு போக, பிள்ளையாருக்குப் பூசை செய்யும் வேலாண்டிப் பண்டாரம் ஒரு நாள் ஊர்க்கூட்டத்தில் எழுந்தார்.

"போன தைக்குக் கட்டின வேட்டி சாமிக்கு இடுப்பச் சுத்தி வரமாட்டேங்கு. வயிறு பெருத்துட்டு. யாரோ தனியா என்னமோ குடுக்கிய."

கல் எப்படிப் பெருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெருத்தது யாருடைய படையலால் என்றுதான் சண்டை வந்தது. கொழுக்கட்டை செய்து படைத்த வீட்டாரும் பொரிகடலை படைத்த வீட்டாரும் அன்றைக்கு முறித்துக்கொண்ட பேச்சு இன்னும் ஒட்டவில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தவர் பகவதி டீச்சர். நான்காம் வகுப்பு எடுப்பவர் அவர். ஒரு காலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரும்போது, தம் பெயர் பிள்ளையாரின் காதில் விழுவதைக் கேட்டுவிட்டார். அதைப் பரப்ப அவருக்கு ஒரு முழுப் பொழுது தேவைப்படவில்லை. மதியத்துக்குள் பள்ளி முழுக்கச் செய்தி பரவிற்று. அன்று முதல் ஆசிரியர் அறையில் செல்வியாரைக் கண்டால் இதே பேச்சு.

"என்ன டீச்சர், இன்னிக்கு யாரு மேல?" என்று கேட்டார் தலைமையாசிரியர் சுடலைமணி.

"இன்னிக்குப் படைச்சாச்சு சார். நீங்க புதுச் செருப்பு போட்டிருக்கிய. நாளைக்குப் பாப்போம்" என்றார் அடியார், மிகப் பணிவாக.

சிரித்தவர்களில் அதிகம் சிரித்தவர் பகவதிதான். ஆனால் அவர் வயிற்றிலும் ஒன்று கிடந்தது. மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். செல்வியார் கணக்கைக் கதையாகச் சொல்லும்போது, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் தம் டீச்சரை விட்டுவிட்டுத் தட்டியில் காதை வைத்தார்கள். பட்டமும் நிரந்தர வேலையும் ஸ்கூட்டரும் இருந்து என்ன, அந்தக் காதுகள் தம் பக்கம் திரும்பவில்லையே என்று பகவதி எரிந்தார். அதைக் கொண்டுபோய் வைக்க அவருக்கு ஓர் இடம் தெரியவில்லை. அதுதான் வேறுபாடு.

முதுகலையின் கடைசித் தேர்வு வந்தது. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில், தேர்ச்சி பெற்றால் வரச்சொல்லியிருந்தார்கள். இந்த ஆண்டு தவறினால் அந்த இடத்தில் வேறொருவர் நிற்பார். தேர்வு நாளிலேயே பள்ளியைப் பார்வையிடக் கல்வி அதிகாரியும் வருவதாக இருந்தது. சுடலைமணி கையை விரித்தார்.

"ஆபீசர் வார அன்னிக்கு மூணாங்கிளாஸ்ல டீச்சர் இல்லேன்னா, உனக்கு வேலை போவும், எனக்கு மானம் போவும். பாத்துக்க, தாயி."

"தட்டிய எடுத்துட்டா ரெண்டு கிளாசும் ஒண்ணுதான சார். நான் பாத்துக்கிடுதேன், அவ போயிட்டு வரட்டும்" என்றார் பகவதி. செல்வியாருக்குக் கண் கலங்கிவிட்டது. இவர் மேலா பொறாமைப்பட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

தேர்வுக்கு முதல் நாள் அவரிடம் படைக்க ஒன்றும் மிச்சமில்லை. உலகில் இருந்த எல்லார் மேலும் படைத்தாகிவிட்டது. பிள்ளையாரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னிக்கு உம்ம மேலதான். உமக்கு என்ன குறை? தம்பி உலகத்தச் சுத்தப் போனான். நீரு அம்மையையும் அப்பனையும் ஒரு சுத்து சுத்திட்டுப் பழத்த வாங்கிட்டீரு. பரீட்சை உண்டா, பஸ்ல நிக்கது உண்டா? உக்காந்த இடத்துல கொழுக்கட்டை வருது. ஒரு நாள் மூணாங்கிளாஸ்ல வந்து நின்னு பாரும், அப்பம் தெரியும்."

சொல்லிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் செல்வியார் பேருந்தில் நின்றுகொண்டே தேர்வுக்குப் போய்விட்டார். மணி அடித்தது. பகவதி தட்டியின் பக்கத்தில் வந்தார், கை வைத்தார், எடுக்கவில்லை. ஒரு நாள் மாட்டிக்கொண்டால்தான் அவளுக்குப் புத்தி வரும் என்று தம் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் கூரை ஓட்டைத் தூக்கியது. அப்போதே அதிகாரியின் ஜீப்பும் வாசலுக்கு வந்தது.

திடீரென்று இரைச்சல் நின்றது.

தலைமையாசிரியரும் அதிகாரியும் மூன்றாம் வகுப்பு வாசலுக்கு வந்தபோது, உள்ளே பெரிய உடம்புக்காரர் ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வேட்டி இடுப்பைச் சுற்றி வராமல் முன்னால் முடிச்சிட்டிருந்தது. ஒரு பல் பாதி உடைந்திருந்தது. சாக்பீஸை அவர் கையால் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் இன்றும் சத்தியம் செய்கிறார்கள். எதனால் பிடித்தார் என்பதில் அவர்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

"டப்பாவுக்கு ஏழு இட்லி. எட்டு டப்பாவுல எத்தன?"

"அம்பத்தாறு சார்."

"அப்படிங்கியளா? சரி பாத்துருவோம்" என்று டப்பா டப்பாவாகத் திறந்து, எண்ணி எண்ணி உண்டார். "இப்பம் மிச்சம்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றது வகுப்பு. பெருக்கலும் கழித்தலும் ஒரே பாடவேளையில் முடிந்தன.

இவர் அலுவலகம் அனுப்பிய ஆள் என்று நினைத்தார் சுடலைமணி. இவர் தலைமையாசிரியரின் சொந்தக்காரர் என்று நினைத்தார் அதிகாரி. கேட்டால் தமக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று இருவரும் கேட்கவில்லை.

"நல்ல ஆளா வச்சிருக்கிய" என்றார் அதிகாரி.

"எல்லாம் உங்க தயவு சார்" என்றார் சுடலைமணி.

தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்திருந்த பகவதிக்கு மட்டும் அவர் யார் என்று தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவர் பகவதி. அப்படியிருக்க, வந்தவர் தட்டிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. பகவதியின் வயிறு அன்று எரிந்ததைப்போல் எந்த வயிறும் எரிந்திருக்காது. மலைக்கோயிலில் முருகனுடைய மயிலும் அன்றைக்கு இரை எடுக்கவில்லை; அதற்கும் அதே காரணம்தான் என்பார்கள்.

மறுநாள் பள்ளிக்குள் நுழைந்த செல்வியாரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"டீச்சர், நேத்து வந்த சார் இன்னிக்கு வரமாட்டாரா?"

"ஏல, எந்த சாரு?"

"வயித்து சார். எங்க இட்லியெல்லாம் தின்னுட்டாரு. போகும்போது உங்கட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. நீங்க குடுத்ததெல்லாம் செமிச்சிட்டாம். கடைசியா அவரு மேலயே குடுத்தியளாமே, அதுதான் செமிக்கலையாம். அதான் ஒரு நாள் நின்னு பாக்க வந்தாராம். கால் வலிக்குன்னாரு, டீச்சர்."

செல்வியார் கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். அங்கே பண்டாரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வேட்டி சாமியின் இடுப்பை இரண்டு சுற்று சுற்றிய பிறகும் மிச்சம் தொங்கிற்று.

அடியார் கைகூப்பி நின்றார். வழக்கம்போல் இன்றைக்கு யார் மேல் என்று உள்ளே தேடினார். துழாவித் துழாவிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. இப்படி வெறுங்கையோடு வந்து நிற்கிறோமே என்று வெட்கி, விம்மி அழுதார்.

பின்னால் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. பகவதி டீச்சர் நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது.

"நேத்து தட்டிய நான் எடுக்கல. வேணும்னேதான் எடுக்கல" என்றார். பிறகு, "கொஞ்சம் தள்ளு, டீச்சர். எங்கிட்ட நிறைய இருக்கு" என்றார்.

செல்வியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இடம் விட்டு நின்றார்.

தேர்வில் அவர் தேறினார். கல்லூரியிலும் போய்ப் பலகை நிறையக் கணக்குப் போட்டார். வெயிலுகந்த பிள்ளையாரின் வயிறு மீண்டும் பெருத்து வருகிறது. ஐயமுள்ளவர்கள் வேட்டியோடு போய் அளந்துகொள்ளலாம். நல்லதை மட்டும் பொறுக்கிப் படைப்போர் நடுவே, தம்மிடம் விளைந்ததை விளைந்தபடியே படைத்த ஆவுடைச்செல்வியாரின் சாக்பீஸ் படிந்த கைகளுக்கு நம் வணக்கம்.