அஞ்சைத் தாண்டாத எண்

போன பங்குனி உத்திரத்தன்று முருகன் சந்நிதி வரிசையில் நிற்கும்போது என் நாத்தனார் அங்காத்தாள் சொன்னது இது. முருகனும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பான்.

குண்டுமேட்டூர்ப் பால் சொசைட்டியில் மூன்று பேர். செயலாளர் செங்கோடன், பால் அளக்கும் நாச்சிமுத்து, காவலுக்குச் சடையன். மூவரும் நல்லவர்கள். சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும்தான் செய்வார்கள்.

பாலைக் குளிரவைக்கும் தொட்டிக்கு அனலாக் இன்புட் மாட்யூல் என்று புதுப் பெட்டி ஒன்று வந்தது. பாலுக்குள் ஒரு சென்சார் முங்கிக் கிடக்கும். பாலின் சூட்டுக்குத் தக்கபடி ஒயரில் கரண்ட் வரும். பெட்டி அதை எண்ணாக்கித் திரையில் காட்டும். மாட்ட வந்த ரெபேக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

“சூடு சைபரா இருந்தாலும் ஒயர்ல நாலு மில்லி ஆம்பியர் வரும். ஒண்ணுமே வரலைன்னா ஒயர் அறுந்துபோச்சுன்னு அர்த்தம்.”

“ஒண்ணுமில்லைன்னு சொல்றதுக்கே நாலு செலவா அம்மிணி? மேடைப் பேச்சாட்டமல்ல இருக்குது” என்றார் நாச்சிமுத்து.

“அதை விடுங்க. திரையில எண் அஞ்சைத் தாண்டக் கூடாது. தாண்டினா லாரிக்காரர் எடுக்க மாட்டார். ஊர்ப்பால் மொத்தமும் சாக்கடைக்குத்தான்.”

மறுநாள் காலையில் குளிரவைக்கும் மோட்டார் நின்றுபோனது. எண் ஆறானது, ஏழானது.

“மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிடலாமுங்களா?” என்றான் சடையன்.

“மோட்டாரைப் பத்தி அந்தப் புள்ள ஏதாச்சும் சொல்லுச்சா? எண்ணைத்தானே சொல்லுச்சு” என்றார் செங்கோடன்.

சென்சாரைப் பாலிலிருந்து எடுத்து ஐஸ் தண்ணீர்ச் சொம்புக்குள் விட்டார்கள். எண் மூன்றுக்கு இறங்கியது. மூவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஐஸ் கரையக் கரையச் சடையன் மீன்கடைக்கு ஓடிக் கட்டி கட்டியாக வாங்கிவந்தான்.

பால் ஊற்ற வந்த பழனாத்தாள் சத்தம் போட்டாள். “அந்த ஐஸைத் தொட்டியைச் சுத்தியாச்சும் அடுக்குங்கடா. என் மாட்டுப் பாலும் அதுக்குள்ளதானே கெடக்குது.”

“தொட்டியில எண் தெரியுதா ஆத்தா? எண்ணில்லாத எடத்துல ஐஸைப் போட்டு என்ன பிரயோசனம்?” என்றார் செங்கோடன்.

ரெபேக்கா செங்கோடனிடம் போனில் கேட்டாள். “எண் எவ்வளவுங்க?”

“மூணுங்க.”

“ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க.”

அதற்குப் பிறகு செங்கோடன் யாரிடமும் குனிந்து பேசவில்லை.

மதியம் லாரி வந்தது. டிரைவர் ரங்கசாமி தொட்டி மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினார். “பால் திரிஞ்சுபோச்சுங்க.”

“பெட்டி மூணுங்குது, உங்க மூக்கு வேற என்னமோ சொல்லுது” என்றார் செங்கோடன். “உங்க மூக்குல எத்தனை மில்லி ஆம்பியர் வருது?”

ரங்கசாமி தொட்டி மூடியைச் சாத்தினார்.

“பால்தான் பொய் சொல்லுதோ என்னமோ” என்றான் சடையன் மெதுவாக.

“இருக்கும். காலையிலிருந்தே அது மூஞ்சி சரியில்லை” என்றார் நாச்சிமுத்து.

“இங்க பாருங்க, மூணு டிகிரியில இருக்கறதை ஏத்துங்க, எடுத்துட்டுப் போறேன். அவ்வளவுதான் என் வேலை” என்றார் ரங்கசாமி.

செங்கோடன் முகம் தெளிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். சென்சாரை உருவிவிட்டு, ஐஸ் தண்ணீர்ச் சொம்பை மூன்று பேருமாகத் தூக்கி அந்தப் பெரிய லாரியில் வைத்தார்கள். உருளாமலிருக்க இரண்டு பக்கமும் செங்கல் கொடுத்தார்கள். ரங்கசாமி தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

சடையன் பின்னாலேயே ஓடிக்கொண்டு சொன்னான்: “பாத்து மெதுவாப் போங்கண்ணா, மூணு தளும்பிடப் போகுது.”

அந்த ஊர்ப் பக்கம் போனீர்களானால் நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள். அங்காத்தாளுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள்.