காலடி கேட்டு எழுந்த ஊற்று

மனிதரின் வாய் பிறந்தது முதல் சாகும்வரை காய்ந்தே கிடந்த அந்தக் காலத்தில், காக்கையும் பேசும், தண்ணீரும் பேசும். யார் பேசி என்ன, சோறு மட்டும் தொண்டையில் இறங்காது. ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தாக வேண்டும். அதனால் எல்லாரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்துதான் தின்றார்கள். ஆறு திசை மாறிப் போனால் ஊரும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போய்விடும்.

அப்படி ஓர் ஆறு விலகிப் போன மணலில் சின்ன ஊற்று ஒன்று மட்டும் மிஞ்சியது. ஊரில் மிஞ்சியவள் பிச்சி. புருஷனைப் புதைத்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள்.

ஊற்றுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிச்சியின் காலடி தூரத்தில் கேட்டதுமே மணலை விலக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். வந்து பார்க்கும்போது தண்ணீர் இல்லையென்றால் திரும்பிப் போய்விடுவாளோ என்று அதற்குப் பயம். தெரியாத காலடி கேட்டால் உள்ளே இறங்கி ஒளிந்துகொள்ளும். மற்ற நேரமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். வானமோ வாய் திறக்காது. அந்தத் தனிமை யாருக்கும் வரக்கூடாது.

ஒருநாள் காக்கை ஒன்று பறந்து வந்து பிச்சியின் வாசலில் உட்கார்ந்தது. தேரி என்கிற செம்மணல் மேட்டுக்காட்டுக்கு அப்பால், கடலோரத்தில் வேறோர் ஆற்றின் கரையில் இருந்த ஊரில், பிச்சியின் ஒரே மகள் நங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

"ஏ பிச்சி, உன் மகளுக்குத் தலைப்பேறு நெருங்கிட்டு. ஆளு ரொம்பத் துவண்டு போய்க் கெடக்கா. எங்கம்மா வரணும், எங்கம்மா வரணும்னு ஒரே அழுகை" என்றது.

பிச்சி வறுத்த அரிசியை முந்தானையில் முடிந்தாள். ஆனால் தேரியில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. சுமந்து போகிற பானை பாதி வழிக்குக்கூடக் காணாது. அரிசி கையில் இருக்க, அதை விழுங்க முடியாமல் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் உண்டு. பிச்சி ஊற்றின் கரையில் போய் உட்கார்ந்து அழுதாள்.

"போகத்தான் போறியா?" என்று ஊற்று கேட்டது.

"போகாம? பெத்த பிள்ள கூப்பிடுதா."

"நீயும் போயிட்டா எங்கிட்ட யாரு வருவா?"

போகாதே என்று சொல்ல ஊற்றுக்கு ஆசைதான். சொன்னால் நங்கையின் கதி என்ன ஆகும்?

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போ" என்றது கடைசியில். "வாய் நெறைய அள்ளிக்கோ. முழுங்கிராத, துப்பிராத. உள்ள எனக்கொரு எடம் நானே பாத்துக்கிடுதேன்."

"உள்ள ஒரே இருட்டால்ல இருக்கும்! வானமே தெரியாதே."

"வானம் எங்கிட்ட என்னைக்கு ஒரு வார்த்த பேசிச்சு? நீ பேசுவ."

பிச்சி குனிந்து கடைசிச் சொட்டு வரைக்கும் வாயில் ஏந்திக்கொண்டு உதட்டை இறுக மூடினாள். பின்னால் மணல் சரிந்து குழியை மூடிவிட்டது.

ஊற்று இடம் தேடியது. அவள் வாயின் உட்தோலில் மொட்டு மொட்டாகப் புதைந்தது. மொட்டு கிளைத்தது, கிளை நுனிகளில் குலை குலையாகக் காய்த்தது, நடுவே துளை விழுந்து வாய்க்காலானது. தெளிந்த தண்ணீரெல்லாம் இரண்டு காதுக்கும் முன்னால் போய்க் குடியேறியது. காலடி கேட்கிற இடமாயிற்றே, விடுமா? வழவழப்பான தண்ணீர் நாக்குக்கு அடியில் படுத்தது. இரண்டும் கலந்தது தாடையின் கீழே இருபுறமும் ஒதுங்கியது.

பிச்சி தேரியில் நடந்தாள். பசித்தபோது ஒரு பிடி அரிசியை வாயில் போட்டாள். ஊற்று ஓடி வந்து அதைத் தழுவி நனைத்தது. மெல்ல மெல்ல அரிசி இனித்தது. தண்ணீரை ஊற்றி ஊற்றி அவசரமாக விழுங்கிய காலத்தில் யாருக்கும் தெரியாத ருசி அது.

"இனிக்குதே!" என்று ஆச்சரியப்பட்டாள். அவள் பேச வாயைத் திறந்தபோது உள்ளே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஊற்றுக்கு அதுவே போதுமாக இருந்தது.

நடுத்தேரியில் ஓநாய் ஒன்று எதிரே வந்து நின்றது. தெரியாத காலடி கேட்டதும் ஊற்று பழையபடி ஒளிந்துகொண்டது. பிச்சியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓநாய் விலகிப் போன பிறகுதான் வாய் நனைந்தது. பயந்தவர்களுக்கு இன்றும் அப்படித்தான்.

பிச்சி போய்ச் சேர்ந்தாள். நங்கை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்குழந்தை பெற்றாள். குழந்தை சோறு தின்னும் வயது வந்ததும் பிச்சி முதல் கவளத்தை மென்று ஊட்டினாள். அதோடு ஊற்றின் ஒரு மொட்டும் பேத்தியின் வாய்க்குள் போய்விட்டது. குட்டி ஊற்றுக்குக் கரை தெரியவில்லை, மோவாயெல்லாம் வழிந்தது. அந்தப் பேத்தி பெற்ற பிள்ளைகளுக்கோ கருவிலேயே மொட்டு விட்டது. அவர்கள் வழிவந்த மனிதர்கள் ஆற்றை விட்டு எங்கெங்கோ போனார்கள்.

பிச்சி இருந்தவரை ஊற்றோடு பேசினாள். அவளுக்குப் பிறகு அது பேசும் என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள். சோறு வரும், ஊற்று தழுவிக்கொள்ளும், சோறு தொண்டை வழியாக இறங்கிப் போய்விடும். வந்தது எதுவும் அதனிடம் தங்கியதில்லை.

பிச்சி செத்துப் போன அந்த நாளிலிருந்துதான், குழம்பு வாசனை தெருவில் வந்தாலும், யாரோ புளியங்காய் என்று சொன்னாலும், நம் வாயில் முந்திக்கொண்டு தண்ணீர் ஊறுகிறது. பசி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவள்தான் வருகிறாளோ என்று அது எழுந்து வந்து பார்க்கிறது.