பழைய வெட்டு

நாச்சிமுத்துதான் முதலில் கெடுத்தது. இதில் மாரப்பனுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கோயமுத்தூரில் ஒரு பட்டறையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். மில் ஒன்றுக்கு ஷாஃப்ட் அறுத்துக்கொண்டிருந்த நாள் அது. மாரப்பன் டீ குடிக்கப் போயிருந்தபோது, பாதி வெட்டில் ரம்பத்தின் பிளேடு உடைந்தது.

அப்படி உடைந்தால் என்ன செய்யவேண்டும் என்பது பட்டறையைக் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு ஒடுக்கமாக இருக்கும். புது பிளேடின் பல் அதைவிட அகலம். அதே வெட்டில் இறக்கினால் சிக்கும், பல் கொட்டும். இரும்பைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாக அறுத்து வரவேண்டும்.

நாச்சிமுத்து திருப்பிப் போடவில்லை. புது பிளேடைப் பழைய வெட்டிலேயே இறக்கினான். சிக்கிய பிளேடு கோணிக்கொண்டு அளவுக் கோட்டைத் தாண்டி உள்ளே அறுத்துவிட்டது. ஷாஃப்ட் பாழ்.

முதலாளி வந்து யார் என்று கேட்டார்.

"மாரப்பன்தானுங்க" என்றான் நாச்சிமுத்து.

ஒன்பது பேர் நின்று கேட்டார்கள். மாரப்பன் டீ குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது அவனுக்கு ஒரு பேர் தயாராக இருந்தது. பழைய வெட்டு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தப் பேர் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஒருவன் சிரித்தான்.

ஷாஃப்டை மாரப்பன் மறந்துவிட்டான். முதலாளியை மறந்துவிட்டான். அவனுக்கு வரவேண்டியது ஒரே ஒரு சொல். 'செஞ்சது நான்' என்று நாலு பேர் முன்னால் நாச்சிமுத்து சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்து தலை நரைத்தது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்தாள். மலையடிவாரத்தில் குட்டைச்சாமியின் மடத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சாமிக்கு மாரப்பனைவிடப் பத்து வயசு குறைவு. ஆள் குள்ளம், பேச்சும் குள்ளம். மாரப்பன் அவரைச் சாமி என்பான். அவர் மாரப்பனை அண்ணா என்பார்.

ஒரு நாள் காலையில் மடத்துக்குப் போன் வந்தது. பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, அன்று மத்தியானம் நாச்சிமுத்து வருகிறானாம். இப்போது அவனுக்குச் சொந்தமாக இரண்டு பட்டறை.

மாரப்பன் நேரே சாமியிடம் போனான்.

"சாமி, அவன் வர்றான்."

"ஆமாங்க."

"கேக்கட்டுமா? இல்ல, பேசாம எங்கயாச்சும் போயிரட்டுமா?"

சாமி மூலையில் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார்.

"பேண்ட்சாவுக்கு ஸ்டாண்டு வந்திருக்குதுங்க. ஏத்திருங்க. வாசல் கேட்டுக்குக் கீல் ஊசி ஒண்ணு வெட்டோணும்."

"நான் கேட்டது..."

"ஒன்றரை இஞ்ச் ராடு இருக்குது. நாலு இஞ்ச் நீளம் வேணும்."

வாசல் கேட்டின் ஒரு கதவு கீல் முறிந்து, பத்து நாளாகக் கயிற்றில் கட்டிக் கிடந்தது. காரெல்லாம் ரோட்டிலேயே நின்றது. மாரப்பனுக்கு உள்ளே எரிந்தது. அவன் கார் உள்ளே வர, கேட்டை நான் சரிசெய்து கொடுக்கவேண்டுமா?

ஆனாலும் பெட்டியைப் பிரித்தான். கை சும்மா இருந்தால் மனசு இன்னும் ஆடும்.

பேண்ட்சா என்பது கையில் தூக்கிப் பிடித்து இரும்பு அறுக்கிற சின்ன ரம்பம். பிளேடு வளையமாக ஓடும். கையில் பிடித்து அறுத்தால் வெட்டு நேராக வராது. இந்த ஸ்டாண்டில் ரம்பத்தை மாட்டிவிட்டால் பின்னால் ஒரு கீலில் தொங்கும். முன்னால் இருக்கிற வைஸ் என்கிற பிடியில் ராடைக் கடிக்கவைத்து, ரம்பத்தை மெல்ல இறக்கிவிட்டால் போதும். தன் பாரத்திலேயே அறுத்துக்கொண்டு இறங்கும்.

மாரப்பன் ஸ்டாண்டை மேசையில் வைத்து நாலு போல்ட்டையும் முடுக்கினான். ரம்பத்தைத் தூக்கி மாட்டினான். நடுவில் இரண்டு தடவை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தான்.

சமையல்கட்டிலிருந்து செங்கமலம் எட்டிப் பார்த்தாள். மடத்துக்குச் சமைக்கிறவள், அன்னூர்க்காரி.

"ஏனுங்க மாரப்பண்ணா, உங்களையா பொண்ணு பாக்க வர்றாங்க? ரோட்டையே பாத்துட்டிருக்கறீங்க?"

"உன் வேலையப் பாரும்மா."

"என் வேலை சாம்பாருங்க. அது தன்னால கொதிக்கும். நீங்கதான் அடுப்பில்லாம கொதிக்கறீங்க."

அந்தப் பக்கமாக வந்த சாமி, வைஸின் பக்கத்தில், செங்குத்து சரியா என்று பார்க்கிற மூலைமட்டத்தை நிறுத்திப் பிளேடோடு ஒட்டிப் பார்த்தார். மேலே ஒட்டியது, கீழே வெளிச்சம் தெரிந்தது. சாமி குனிந்து ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டார். மூன்றாவதில் கை நின்றது.

"இந்த போல்ட்டு மேல என்னங்க கோவம்?"

மாரப்பன் பார்த்தான். அதை மட்டும் அழுத்தி முடுக்கியதில் தகடே வளைந்திருந்தது. தளர்த்தினான். மட்டம் ஒட்டியது. சாமி போய்விட்டார்.

ராடு ஆறடி நீளம். அதன் வால் தொங்காமல் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மாரப்பன் செங்கமலத்தைக் கூப்பிட்டான். அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள்.

சுவிட்சைத் தட்டி ரம்பத்தை இறக்கினான். பொடி சீராகக் கொட்டியது. கால் இஞ்ச் இறங்கியது. அரை இஞ்ச்.

என்ன சொல்லிக் கேட்பது? 'நாச்சி, ஞாபகம் இருக்குதா?' என்று ஆரம்பிக்கலாம். வேண்டாம், அது கெஞ்சுவது மாதிரி இருக்கும். 'முப்பத்தொரு வருஷமாச்சு, இப்பவாவது சொல்லு' என்று நேராகவே கேட்டுவிடலாம். சாமி இருக்கிறார், செங்கமலம் இருக்கிறாள், அவனோடு வருகிறவர்கள் இருப்பார்கள். நாலு பேருக்குக் குறையாது.

ரோட்டில் ஹாரன் கேட்டது.

மாரப்பனின் கை தானாக ரம்பத்தை அழுத்தியது. பிளேடு படீரென்று உடைந்தது.

"ஐயோ!" என்றாள் செங்கமலம்.

ஹாரன் அடித்தது தண்ணி லாரி. மடத்தைத் தாண்டிப் போய்விட்டது.

பெட்டியில் இரண்டு புது பிளேடு இருந்தது. மாரப்பன் ஒன்றை எடுத்து மாட்டினான். கண் ரோட்டில் இருந்தது. அவன் வருகிறபோது நான் இங்கே குனிந்துகொண்டு நிற்கக்கூடாது, சீக்கிரம் முடியவேண்டும். சுவிட்சைத் தட்டினான், இறக்கினான்.

கறகறவென்று ஒரு சத்தம். ரம்பம் துள்ளியது. ராடு செங்கமலத்தின் கையில் அதிர்ந்தது. மாரப்பன் சுவிட்சை அணைத்து ரம்பத்தைத் தூக்கினான். மேசை மேல் பல் பல்லாகக் கொட்டிக் கிடந்தது.

பார்த்துக்கொண்டே நின்றான். முப்பத்தொரு வருஷமாக, ஆயிரம் பேரிடம், 'அந்தத் தப்பை நான் செய்வேனா?' என்று கேட்டவன் அவன்.

சத்தம் கேட்டுச் சாமி வந்தார். மேசையைப் பார்த்தார். பல் போன பிளேடை எடுத்து விரலால் தடவினார்.

"என்னாச்சுங்க?"

மாரப்பன் வாயைத் திறந்தான். என்ன வரும் என்று அவனுக்கே தெரியாது.

"இந்தம்மா ராடை ஆட்டிட்டாங்க."

செங்கமலம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் பார்க்கவில்லை. ராடைக் கீழே வைத்தாள்.

"ஆமாஞ்சாமி. ஆட்டியிருப்பேன்" என்றாள். "சாம்பாரு அடிப்பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாமி பிளேடை மேசை மேல் திரும்ப வைத்தார்.

அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்துவின் கார் வந்து வெளியே நின்றது.

நாச்சிமுத்து வெள்ளை வேட்டியில், மகனும் மருமகளும் பின்னால் வர, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சந்து கேட்டு வழியாகக் குனிந்து உள்ளே வந்தான். பருத்திருந்தான். மருமகள் கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும். சாமியை விழுந்து கும்பிட்டு எழுந்தவன் மாரப்பனைப் பார்த்துவிட்டான்.

"டேய்! பழைய வெட்டு! நீ இங்கயா இருக்கறே?"

ஓடி வந்து இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினான். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. மாரப்பனுக்கு அதுதான் தாங்கவில்லை.

"இவன் யாரு தெரியுமாம்மா?" நாச்சிமுத்து மருமகளிடம் திரும்பினான். "என் கூட வேலை பாத்தவன். நல்ல கைகாரன். ஒரு நாள் புது பிளேடைக் கொண்டு போய்ப் பழைய வெட்டுல உட்டுட்டான்! முதலாளி ஆடுன ஆட்டம் இருக்குதே!"

மருமகள் சிரிக்கலாமா என்று மாமனார் முகத்தைப் பார்த்தாள். செங்கமலம் தட்டில் மோர் டம்ளரோடு வந்து நின்றாள்.

"நாச்சி" என்றான் மாரப்பன். "அன்னைக்குப் பிளேடு மாத்துனது நீ. நான் டீ குடிக்கப் போயிருந்தேன்."

"நானா?"

"நீதான்."

நாச்சிமுத்து யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, மேலே பார்த்து, விரல் விட்டு எண்ணுகிறவன் மாதிரி.

"இல்லடா. நானா இருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா? நீதான்டா. நான் இந்தக் கதைய எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கறேன்!"

மாரப்பன் இத்தனை வருஷம் கூட்டி வைத்திருந்த சொல்லெல்லாம் தொண்டைக்கு வந்தது. 'எவன்டா பழைய வெட்டுல விடுவான்? தொழில் தெரிஞ்ச எவனாச்சும் விடுவானா? நான் விடுவேனா?' என்று கேட்கவேண்டும். அவன் கேட்க வாயைத் திறந்தபோது, செங்கமலம் மேசை மேல் கிடந்த பிளேடைப் பார்த்தாள். உடைந்த பிளேடு ஒன்று, பல் போன பிளேடு ஒன்று, பாதியில் நின்ற வெட்டு. பிறகு மாரப்பனைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது எல்லாம் புரிந்துவிட்டது.

மாரப்பன் வாயை மூடிக்கொண்டான்.

"மோர் எடுத்துக்குங்க" என்றாள் செங்கமலம் நாச்சிமுத்துவிடம்.

நாச்சிமுத்து மோரைக் குடித்தான். சாமிக்குப் பத்திரிகை வைத்தான். மாரப்பனுக்கும் ஒன்று வைத்தான். பேர் எழுதுகிற இடத்தில் எழுத மகன் பேனாவை எடுத்தபோது, "மாரப்பன்னு எழுதுடா, பழைய வெட்டுன்னு எழுதிராதே" என்று சொல்லித் தானே சிரித்தான். ஒரு நாள் முன்னாடியே வந்துவிடவேண்டும் என்று கையைப் பிடித்துச் சொன்னான். சந்து கேட்டில் குனிந்து வெளியே போனான். கார் கிளம்பியது.

மாரப்பன் மேசை ஓரம் நின்றான். உட்கார்ந்தான். எழுந்தான். பத்திரிகையை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். செங்கமலம் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் படி ஏறினாள்.

"அம்மா, நில்லு" என்றான்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"சாமி, ராடை ஆட்டுனது அவங்க இல்லைங்க. பிளேடை மாத்திப் பழைய வெட்டுலயே விட்டது நான். செஞ்சது நான்."

சொல்லி முடித்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது, முப்பத்தொரு வருஷமாக இன்னொருத்தன் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்த அதே சொல் அது என்று.

செங்கமலம் திரும்பினாள்.

"பிளேடைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? ஆனா அதிர்ந்தது என் கையில. ஆட்டுனது நானில்லைன்னு என் கைக்குத் தெரியும்" என்றாள். "சோறு ஆறுது. ரெண்டு பேரும் வந்து சேருங்க." உள்ளே போனாள். மன்னித்தாளா இல்லையா என்று சொல்லவில்லை.

சாமி பெட்டியிலிருந்து கடைசி பிளேடை எடுத்தார். முறுக்கிக் கட்டியிருந்த கம்பியைப் பிரித்து, வளையத்தை உதறி விரித்தார்.

"சாமி."

"சொல்லுங்கண்ணா."

"நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன். அவன் சொல்லலையே. அவன் எனக்குச் சொல்ல வேண்டியது?"

சாமி பிளேடை மாரப்பன் கையில் கொடுத்தார்.

"அது பாக்கிதானுங்க" என்றார். "ராடைத் திருப்பிப் போடுங்க."